பாட்டிலுக்குள்ள ஒரு காடு... டெரேரியத்தைத் தந்த டாக்டர் வார்டின் கதை!

போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தோழி தங்கியிருக்கும் ரூம் பத்துக்குப் பத்துதான். அதில் மூணு பேர். இருக்கிற ஒரே ஜன்னலையும் திறக்க மாட்டார்கள். திறந்தால் லாரி போகிற புழுதி மொத்தமும் படுக்கையில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு செடி வைக்கலாம்னு ஆசைப்பட்டு ரோஜா, துளசி, மணி பிளான்ட் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து தண்ணீர் ஊற்ற மறந்ததில் பாதி போச்சு. புழுதி படிந்து மீதி போச்சு.

போன மாதம் போனபோது அந்த ஜன்னல் திட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே மெத்தென்று பாசி, விரல் நீளத்துக்கு ஒரு பெரணி, ரெண்டு கூழாங்கல். மூடி இறுக மூடியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்த மாதிரி ஈரம். கடைசியாக எப்போ தண்ணி ஊத்தினே என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னாடி என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் போனது ஆனி மாதம்!

இதுக்குப் பேர்தான் டெரேரியம். கண்ணாடிக்குள் அடங்கும் குட்டித் தோட்டம். பெங்களூரு கடைகளில் அலங்கார விளக்கெல்லாம் வைத்து ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள். புதுவீட்டுக்கு, பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுப்பதும் இப்போ ஃபேஷன். ஆனால், இதை முதலில் உலகத்துக்குச் சொன்ன மனிதர் அலங்காரத்துக்காக இதைச் செய்யவில்லை. என் தோழியின் ரூம் மாதிரியே புகையும் தூசியும் சூழ்ந்த ஒரு வீட்டில், செடி வளர்க்க முடியாமல் தவித்தவர் அவர். பெயர், நத்தானியேல் பாக்ஷா வார்டு. லண்டனில் டாக்டர். அவர் மூடி வைத்த ஒரு பாட்டில் நம்ம ஊட்டி வரைக்கும், ஏன், நம் முன்னோர்கள் பிழைக்கப்போன மலேயா வரைக்கும் வந்து சேர்ந்த கதை இது.

கப்பலேறிய பையன்

வார்டு பிறந்தது 1791-ல், லண்டனில். அப்பாவும் டாக்டர். ஆனால், பையனுக்கு ஆசையெல்லாம் கடல் மேல்தான். மாலுமி ஆகணும்னு சொல்லிக்கொண்டே இருந்தான். சரி, ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வரட்டும் என்று 13 வயதில் அவனை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல் வாழ்க்கையின் கஷ்டத்தைப் பார்த்ததும் மாலுமி ஆசை கரைந்துபோனது. அதற்குப் பதிலாக வேறொன்று மனதில் ஒட்டிக்கொண்டது. ஜமைக்காவின் பனைகள், பெரணிகள், திரும்பிய பக்கமெல்லாம் பச்சை. சாம்பல் நிற லண்டனில் பிறந்த பையனுக்கு அது வேறொரு உலகமாகத் தெரிந்தது. ஊர் திரும்பும்போது அவனுக்குள் ஒரு தாவரப் பைத்தியம் உட்கார்ந்திருந்தது. அது சாகும்வரை இறங்கவில்லை.

மருத்துவம் படித்தார். அப்பாவின் தொழிலையே தொடர்ந்தார். லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய வெல்குளோஸ் சதுக்கத்தில் வீடும் வைத்தியசாலையும். கூலித் தொழிலாளர்களும் மாலுமிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. ராத்திரி பகல் பார்க்காமல் நோயாளிகள் வருவார்கள். அவரோ விடிவதற்கு முன்பே எழுந்து ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டல்களுக்கும் காடுகளுக்கும் போய்ச் செடி சேகரித்துவிட்டு, நோயாளிகள் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். இப்படியே சேர்த்துச் சேர்த்து, உலர்த்திப் பாடம் செய்த தாவரங்கள் மட்டும் அவரிடம் ஏறத்தாழ 25,000 இருந்தன.

கரிப்புகைக்கு நடுவில்...

உலர்ந்த செடி எத்தனை இருந்தாலும் உயிருள்ள ஒரு செடிக்கு ஈடாகுமா? வார்டின் ஆசை சின்னதுதான். வீட்டின் பின்பக்கம் கற்களை அடுக்கி, தண்ணீர் சொட்டுகிற மாதிரி குழாய் வைத்து, பெரணியும் பாசியும் படர்ந்த ஒரு பாறைத் தோட்டம் வேண்டும். அவ்ளோதான். வைத்தும் பார்த்தார். எல்லாம் செத்துப்போயின.

காரணம், நிலக்கரி. அன்றைய லண்டனில் அடுப்பு, குளிர்காய்கிற கணப்பு, தொழிற்சாலை எல்லாமே நிலக்கரியில்தான் ஓடின. புகைபோக்கிகளிலிருந்து இறங்கிய கரி, இலைகள் மேல் படிந்து மூச்சை அடைத்தது. பெரணிக்கோ சுத்தமான, ஈரமான காற்று வேண்டும். எத்தனை தடவை வைத்தாலும் அதே கதை. கடைசியில் மனம் வெறுத்து வார்டு அந்தத் தோட்ட ஆசையையே கைவிட்டார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை. கல் குவாரி பக்கத்தில் இருக்கிற மாமரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலை என்ன நிறத்தில் இருக்கும் என்று!

புழுவுக்கு வைத்த பாட்டில்

1829-ம் வருஷம், கோடைக்காலம். வார்டுக்குப் பூச்சிகள் மேலும் ஆர்வம் உண்டு. ஒரு பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு கிடைத்தது. அது கூட்டை உடைத்து வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று, வாய் அகன்ற ஒரு கண்ணாடி பாட்டிலில் ஈரமான இலைமக்கு மண்ணைப் போட்டு, அதில் கூட்டைப் புதைத்து, மூடியும் போட்டு வைத்தார். தினமும் வந்து வந்து பார்ப்பார்.

பார்க்கப் பார்க்க, ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பகலில் மண்ணிலிருந்து ஈரம் மேலே கிளம்பி, கண்ணாடியில் துளித்துளியாகப் படிகிறது. அப்புறம் வழிந்து திரும்பவும் மண்ணுக்கே போகிறது. மண் காயவே இல்லை. அந்துப்பூச்சி வெளிவர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு, மண்ணில் ரெண்டு பச்சை முளைகள் தலைநீட்டின. ஒன்று பெரணி, இன்னொன்று சாதாரணப் புல்.

வேறு யாராவது இருந்தால் களை என்று பிடுங்கிப் போட்டிருப்பார்கள். வார்டு திகைத்து நின்றுவிட்டார். வருஷக்கணக்காகப் போராடியும் தன் தோட்டத்தில் பிழைக்காத அதே பெரணி, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஒரு பாட்டிலுக்குள் தானாக முளைத்திருக்கிறது. அப்படியென்றால் அதற்குத் தேவையான எல்லாம் அந்தப் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியில் இருந்ததும் உள்ளே இல்லாததும் ஒன்றே ஒன்றுதான்... கரிப்புகை!

பாட்டிலைத் தன் படிப்பறை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பெரணி வருஷத்துக்கு மூன்று நான்கு புது இலைகள் விட்டது. புல் ஒருமுறை பூக்கவும் செய்தது. கிட்டத்தட்ட நாலு வருஷம் ரெண்டும் உயிரோடு இருந்தன. கடைசியில் அவர் ஊரில் இல்லாத சமயம், தகர மூடி துருப்பிடித்து ஓட்டையாகி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிச் செடிகள் அழுகிவிட்டன. தண்ணீர் இல்லாமல் சாகாத செடி, தண்ணீர் அதிகமானதால் செத்தது. டெரேரியம் வளர்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் முதல் பாடம் இதுதான்.

பாட்டிலுக்குள்ள என்னதான் நடக்குது?

மூடி வைத்தால் செடி மூச்சுமுட்டிச் செத்துவிடாதா? எல்லோரும் கேட்கிற கேள்வி. ரொம்ப எளிமையாகச் சொன்னால், அது ஒரு குட்டி பூமி. வெளிச்சம் படும்போது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு உணவு தயாரித்து, ஆக்சிஜனை வெளியே விடும். செடியும் சுவாசிக்கும். அப்போது ஆக்சிஜன் செலவாகிக் கரியமில வாயு வெளியே வரும். உதிர்ந்த இலைகளை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மக்க வைக்கும்போதும் கரியமில வாயு கிடைக்கும், சத்தும் மண்ணுக்குத் திரும்பும். தண்ணீரும் அப்படித்தான். இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகி, கண்ணாடியில் குளிர்ந்து, மழை மாதிரி இறங்கும். வெளியிலிருந்து தவறாமல் வர வேண்டியது வெளிச்சம் மட்டும்தான்.

ஓசூர், தளி பக்கம் போனால் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்கிற பசுமைக்குடில்கள் வரிசையாகத் தெரியும். வெளிக்காற்றின் புழுதி, காய்ச்சல், குளிர் எதுவும் நேராகச் செடியைத் தாக்காமல், உள்ளே அதற்கென்று தனி வானிலையை உருவாக்குகிறோம் இல்லையா? அந்த யோசனையைக் கையில் தூக்குகிற அளவுக்குச் சுருக்கியதுதான் வார்டின் பெட்டி.

நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். வார்டுக்குச் சில வருஷங்கள் முன்பே ஸ்காட்லாந்தில் மெக்கனாக்கி என்பவரும் கண்ணாடிக்குள் செடி வளர்த்துப் பார்த்திருக்கிறார். ஆனால், அவர் அதைச் சரியான நேரத்தில் எழுதி வெளியிடவில்லை. வார்டு சோதித்தார், எழுதினார், கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். அதனால் அவர் பெயரே நிலைத்தது.

கடல் தாண்டிய பெட்டி

ஹாக்னியில் அப்போது புகழ்பெற்ற நாற்றுப் பண்ணை ஒன்று இருந்தது. லாடிஜஸ் குடும்பத்துடையது. ஜார்ஜ் லாடிஜஸும் வார்டும் சேர்ந்து, மரச்சட்டம் போட்டுக் கண்ணாடி பதித்த விதவிதமான பெட்டிகளைச் செய்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் செடிகள் செழித்தன. உடனே வார்டுக்கு, 13 வயதில் தான் பார்த்த கடல் நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தூரதேசத்துச் செடியை உயிரோடு கப்பலில் கொண்டுவருவது நடக்காத காரியம். மேல்தளத்தில் வைத்தால் உப்புநீர் தெறித்துக் கருகும். கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சம் இல்லாமல் வெளுத்துப் போகும். மனிதர்களுக்கே குடிநீர் அளந்து ஊற்றுகிற கப்பலில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? சீனாவிலிருந்து கிளம்பும் ஆயிரம் செடியில் ஒன்றுதான் இங்கிலாந்து வந்து சேர்கிறது என்று 1819-ல் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார்.

1833-ல் வார்டு ரெண்டு பெட்டிகளில் பெரணி, பாசி, புல் எல்லாம் நட்டு, மல்லார்டு என்ற கேப்டனின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் கடலில் மிதந்து பெட்டிகள் போய்ச் சேர்ந்தபோது, ரெண்டு மூன்று பெரணிகள் தவிர மற்றதெல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால், நிஜமான பரீட்சை திரும்பி வருகிற வழியில்தான். 1834 பிப்ரவரியில் சிட்னியில் ஆஸ்திரேலியச் செடிகளை அதே பெட்டிகளில் நட்டார்கள். அங்கே வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றும்போது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. கப்பல் தளத்தில் பனி ஒரு அடிக்குக் குவிந்து கிடந்தது. பூமத்தியரேகையைத் தாண்டும்போது வெயில் 49 டிகிரி. நவம்பரில் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது வெறும் நாலு டிகிரி. வழியில் யாரும் ஒரு துளி தண்ணீர்கூட ஊற்றவில்லை.

வார்டும் லாடிஜஸும் கப்பலுக்கே போய்ப் பார்த்தார்கள். அதுவரை எத்தனை முயன்றும் இங்கிலாந்துக்கு உயிரோடு வந்து சேராத ஒரு ஆஸ்திரேலியப் பெரணி, பெட்டிக்குள் பச்சைப்பசேலென்று நின்றது. போதாததற்கு, மண்ணில் கலந்து வந்த விதைகள் வழியிலேயே முளைத்து இளஞ்செடிகளாகியிருந்தன! அதற்கப்புறம் லாடிஜஸ் நூற்றுக்கணக்கான பெட்டிகளை உலகமெங்கும் அனுப்பினார். முன்பு 20 செடியில் 19 செத்துப்போகும். இப்போது 20-ல் 19 பிழைக்கிறது என்பது அவர் அனுபவத்தில் சொன்ன கணக்கு.

வரவேற்பறைக்கு வந்த பெரணி

வார்டு இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1836-ல் தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கருக்குத் தன் சோதனைகளை விவரித்து எழுதிய கடிதம் அச்சில் வந்தது. 1838-ல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, லண்டனில் இதைப் பற்றி விரிவுரையே நிகழ்த்தினார். 1842-ல் வார்டின் புத்தகம் வந்தது. அப்புறம் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் பெரணிப் பித்து பிடித்துக்கொண்டது. அரண்மனை மாதிரி, கோயில் மாதிரி எல்லாம் கண்ணாடிப் பெட்டிகள் செய்து வரவேற்பறையில் வைத்தார்கள். வார்டும் சளைத்தவர் இல்லை. வேல்ஸில் இருக்கும் டின்டர்ன் என்ற பாழடைந்த மடாலயத்தின் ஜன்னலைச் சின்னதாகச் செய்து, அதைச் சுற்றிப் பெரணிகள் வளர்கிற எட்டடிக் கண்ணாடி வீடு ஒன்றைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். இன்றைக்கு டெரேரியத்துக்குள் குட்டிப் பாலமும் புத்தர் சிலையும் வைக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு வயது 180-க்கு மேல்!

ஆனால், அவர் மனசு பணக்காரர்களின் வரவேற்பறையில் இல்லை. புத்தகத்தில் ஏழைகளின் வாழ்க்கையை இது எப்படி மேம்படுத்தும் என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். தினமும் இருட்டு ரூம்களில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் அவர். ஒரு சின்னப் பெட்டி, கொஞ்சம் மண், பக்கத்துக் காட்டில் கிடைக்கிற பெரணி... இதைவிட மலிவாக ஒரு தோட்டம் கிடைக்குமா என்பது அவர் எண்ணம். நுரையீரல் நோயாளிகளுக்குப் புகையில்லாத கண்ணாடி அறைகள் கட்டலாம் என்றும் யோசித்தார். குறுக்கே நின்றது கண்ணாடி விலை. அன்று இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடைபோட்டு வரி வசூலித்தார்கள். 1845-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி. அதற்காகவே எழுப்பிய கண்ணாடி மாளிகையில் உலகத்தின் அதிசயங்களையெல்லாம் அடுக்கினார்கள். அங்கே வார்டு வைத்தது ஒரு மூடிய பாட்டில். உள்ளே செடிகள். தண்ணீர் ஊற்றி 18 வருஷம் ஆகியிருந்தது. மலர்க் கண்காட்சிக்கு நாம் போகிற பெங்களூரு லால்பாக்கின் கண்ணாடி மாளிகை, அந்த லண்டன் மாளிகையின் சாயலில் பின்னாளில் கட்டியதுதான்.

ஊட்டிக்கு வந்த கொய்னா

இனிமேல்தான் கதை நம்ம பக்கம் திரும்புகிறது. செடியை உயிரோடு கடத்த வழி கிடைத்ததும், அதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அரசாங்கமும் வியாபாரமும்தான். 1848-லிருந்து 1851 வரை கிழக்கிந்திய கம்பெனிக்காக ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். வந்தது வார்டு பெட்டியில்.

அடுத்தது சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நம்பகமான மருந்து கொய்னா. அது கிடைப்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில். அந்த மரத்தை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுக்குப் போனார். அவர் கொண்டுவந்த கன்றுகள் செங்கடலின் வெயிலில் வாடி வதங்கி, ஊட்டிக்கு வந்த பிறகு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வார்டு பெட்டியும் மாயப்பெட்டி இல்லையே! மூடிய கண்ணாடி மேல் கடும் வெயில் விழுந்தால் உள்ளே வெந்துவிடும்.

ஆனால், ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை சின்கோனா தப்பித்தது. 600-க்கும் மேற்பட்ட கன்றுகள் வார்டு பெட்டிகளில் கிளம்பின. ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அவற்றோடு கூடவே பயணம் செய்து, 1861 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட கன்றுகளை ஊட்டி கொண்டுவந்து சேர்த்தார். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைப் பதியன் போட்டுப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. பட்டை உரித்த மரத்தைச் சாகவிடாமல், உரித்த இடத்தில் ஈரப்பாசியைக் கட்டிப் புதுப்பட்டை வளரவைக்கும் முறையையும் மெக்ஐவர் கண்டுபிடித்தார். பின்னாளில் கொய்னா, தபால் ஆபீஸ்களில்கூடச் சின்னப் பொட்டலமாகக் கிடைத்தது.

செடிக்குக் கண்ணாடி... ஆளுக்கு?

ரப்பரின் கதையும் இதே பெட்டியில்தான் வருகிறது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகளில் முளைத்த கன்றுகளை, 1876-ல் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். மொத்தம் 1,919 கன்றுகள். அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. மலேயாவில் காடு காடாக ரப்பர் எழும்பியது அதற்குப் பிறகுதான்.

அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியது யார்? நம் ஆட்கள். திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு ஜில்லாக்களோடு, அன்றைக்குக் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் திரட்டிப்போன குடும்பங்கள். பஞ்சமும் கடனும் துரத்தக் கப்பலேறியவர்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கும்போது கொசு பெருகி, மலேரியாவிலேயே ஏராளமானோர் இறந்தார்கள். ஒரு ரப்பர் கன்று உப்புக்காற்று படாமல், வெளிச்சம் குறையாமல், ஈரம் போகாமல் கண்ணாடிக்குள் பத்திரமாகப் போனது. அந்தக் கன்றைக் காப்பாற்றி வளர்த்த மனிதர்களுக்கு அந்தப் பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மலேசியாவிலோ இலங்கையிலோ சொந்தம் இருக்கிற குடும்பம் உங்களுடையது என்றால், உங்கள் வீட்டுக் கதையிலும் வார்டின் பெட்டிக்கு ஒரு பங்கு இருக்கிறது.

இதற்கெல்லாம் வார்டைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் கேட்டது ஒரு பெரணி பிழைக்க வழி. அதைப் பெரிய முதலாளிகளும் அரசாங்கங்களும் தங்களுக்குத் தேவையானபடி பயன்படுத்திக்கொண்டார்கள். இன்னொரு பாதிப்பும் உண்டு. பெட்டியிலிருந்த மண்ணோடு பூச்சிகளும் நோய்களும் நாடு விட்டு நாடு போயின. ஒரு ஊர் மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக இன்று இவ்வளவு கட்டுப்பாடு இருப்பது அதனால்தான்.

பெயர் தங்கிய பாசி

வார்டு கடைசிவரை டாக்டராகவே வாழ்ந்தார். 1839-ல் லண்டன் நுண்நோக்கிச் சங்கம் தொடங்கியது அவர் வீட்டில் நடந்த கூட்டத்தில்தான். 1852-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. வயதான பிறகு புகை குறைந்த கிளாபம் பகுதிக்குக் குடிபோய், அங்கே ஆசைதீரத் தோட்டம் போட்டார். கண்டுபிடிப்பால் பெரிய செல்வம் எதுவும் சேர்க்கவில்லை. 1868 ஜூன் 4-ம் தேதி, கடலோர ஊரான செயின்ட் லியோனார்ட்ஸில் காலமானார். லண்டன் நார்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பெயர் பொறித்த கல்கூட அங்கே இல்லை. ஆனால், தென்னாப்பிரிக்காவில் வளரும் ஒரு பாசி இனத்துக்குத் தாவரவியலாளர்கள் வார்டியா என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னச் செடிகளைத் தேடியே வாழ்ந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை என்ன இருக்கு?

கியூ தோட்டம் 1960-கள் வரை வார்டு பெட்டிகளைப் பயன்படுத்தியது. அப்புறம் விமானமும் பிளாஸ்டிக் பையும் வந்தன. பெட்டி கப்பலிலிருந்து இறங்கி, மறுபடியும் வீட்டு ஜன்னலுக்கே திரும்பிவிட்டது.

நீங்களும் செய்யலாம்... செலவே இல்லாமல்!

* வாய் அகன்ற ஹார்லிக்ஸ் அல்லது ஊறுகாய் பாட்டிலை வெந்நீரில் கழுவி, வாடை போகக் காயவையுங்கள். பிளாஸ்டிக் மூடி நல்லது. தகர மூடி என்ன செய்யும் என்று வார்டின் கதையிலேயே பார்த்தோம்!

* அடியில் ரெண்டு விரற்கடை உயரத்துக்குக் கூழாங்கல். அதன்மேல் நொறுக்கிய அடுப்புக்கரி ஒரு அடுக்கு. அதிகப்படி தண்ணீர் வேரில் தேங்காமல் கீழே இறங்கத்தான் இது.

* அதற்கு மேல் செம்மண், மக்கிய இலை உரம், கழுவிய தேங்காய் நார்த்தூள் மூன்றும் கலந்த கலவை. போச்சம்பள்ளி பக்கம் தென்னந்தோப்புக்கா பஞ்சம்?

* குட்டிப் பெரணி, ஃபிட்டோனியா மாதிரி ஈரம் விரும்பும், மெதுவாக வளரும் செடிகள் போதும். கற்றாழை, கள்ளி வகைகளை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள். அழுகிவிடும்.

* பாசியை மழைக்காலத்தில் வீட்டு மதில், கிணற்றடியிலிருந்து எடுங்கள். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம்.

* நட்டதும் தண்ணீரை ஸ்பூனால் அளந்து விடுங்கள். மண் நனைந்தால் போதும், தேங்கக் கூடாது. காலையில் மட்டும் லேசாகப் பனி படிந்தால் சரி. நாள் முழுக்கக் கண்ணாடி மறைக்கிற அளவுக்கு ஈரம் இருந்தால், ஒரு பகல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள்.

* வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. சித்திரை வெயிலில் ஜன்னலில் வைத்தால் மார்க்கமின் சின்கோனா கதிதான்!

* பழுத்த இலை, பூஞ்சை பிடித்த தண்டு தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

தோழியிடம் இந்த வார்டு கதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு ஊட்டி, மலேயா, கண்காட்சி எதுவும் பெரிதாகப் படவில்லை. துறைமுகம் பக்கத்தில் புகைக்குள் இருந்தாரே, அவருக்கும் முதல்ல வெச்ச செடியெல்லாம் செத்துப்போச்சா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி.

இப்போ அந்த ரூமில் மூணு பாட்டில் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது கண்ணுக்கு நேராகப் பச்சை தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நெருக்கமான ரூம்களில் வாழ்கிறவர்களுக்கு ஒரு பிடிப் பச்சை கிடைக்கணும் என்றுதானே வார்டும் ஆசைப்பட்டார்!